ரசமட்டம் சார் பியானோவுக்கு இடம் பார்த்தார்

கள்ளக்குறிச்சி ஊரே கிழக்குப் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. நான் சொல்லவில்லை. ரசமட்டம் சார் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். அவர் சொன்ன நாளிலிருந்து பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது எனக்கும் ஒரு பக்கமாக இழுப்பது போலத்தான் இருக்கிறது.

ரசமட்டம் என்பது கொத்தனார்கள் சுவர் மேல் வைத்துப் பார்க்கிற சாமான். சின்னக் கண்ணாடிக் குழாய்க்குள் தண்ணீர் மாதிரி ஒன்று, அதில் ஒரு குமிழி. குமிழி நடுவில் நின்றால் மட்டம், ஓரத்துக்குப் போனால் கோணல். விரல் நீளத்தில் அப்படி ஒன்றைச் சார் சட்டைப் பையில், பேனாவுக்குப் பக்கத்தில் வைத்திருப்பார். நிலம் அளக்கும் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரைப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று ஏதாவது காகிதத்தில் இருக்கலாம். ஊரில் யாருக்கும் தெரியாது.

டீக்கடை பெஞ்சில் அவர் நேரே உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. முதலில் பெஞ்சு மேல் ரசமட்டத்தை வைப்பார். குனிந்து பார்ப்பார். சிகரெட் அட்டையை மடித்து ஒரு காலுக்கு அடியில் கொடுப்பார். மறுபடி பார்ப்பார். அதற்குள் டீ ஆறிவிடும். கடைக்காரர் முறையிட்டால், கோணலாக உட்கார்ந்து குடித்தால் டீ கோணலாகத்தான் உள்ளே போகும் என்பார். சின்னசேலம் போகிற டவுன் பஸ்ஸில் ஒருமுறை சீட்டுக் கம்பி மேல் வைத்துப் பார்த்துவிட்டு, இடது பக்க ஸ்பிரிங் பட்டை இறங்கியிருக்கிறது என்று டிரைவரிடம் போய்ச் சொன்னார். "பட்டை நல்லாதாங்க இருக்குது. எடது பக்கம் ஒக்காந்துகினு இருக்காரே, அவரு வெயிட்டு ஜாஸ்தி" என்றார் டிரைவர். அந்த ஆள் பாவம், அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிக்கொண்டார்.

சாவு வீட்டிலும் இதே கதைதான். மாலையைப் போட்டுவிட்டு, ஐஸ் பெட்டி மேல் ரசமட்டத்தை வைப்பார். குமிழி ஓடினால் பெட்டிக் காலுக்கு ஒரு அட்டை. போகிறவர் நேராகப் போகட்டும் என்பது அவர் எண்ணம். எல்லாம் மட்டமான பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு அழ ஆரம்பிப்பார். மட்டம் பார்க்காமல் அவர் அழுது யாரும் பார்த்ததில்லை.

எனக்கு அவரோடு பழக்கம் வந்தது அவர் வீட்டுப் பியானோவால். நான் மார்க்கெட் கமிட்டியில் நெல், மக்காச்சோள மூட்டை தூக்குகிறவன். நாங்கள் நான்கு பேர் ஒரு செட். எங்களுக்கு மேஸ்திரி கோவிந்தன். எங்கள் நான்கு பேருக்கும் சேர்த்து அவர் ஒருவர் வாய்தான் வேலை செய்யும். முக்கியமாக எனக்கு. மூன்று பேருக்கு மேல் இருந்தால் எனக்கு நாக்கு எழும்பாது. கோவிந்தன் என்னை ஊமையன் என்றுதான் கூப்பிடுவார். நானும் மறுத்துச் சொன்னதில்லை, அதற்கும் பேச வேண்டுமே.

சாரின் மனைவி ரூத்தம்மா. அவருடைய அப்பா கல்வராயன் மலையில், வெள்ளிமலை தாண்டி ஒரு பங்களாவில் சமையல் வேலை பார்த்தவர். அந்த வீட்டு அம்மாள் சமையல்காரர் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பியானோ சொல்லிக்கொடுத்திருக்கிறார். கல்யாணமாகிக் கீழே இறங்கி வந்த பிறகு ரூத்தம்மா பியானோவைக் கண்ணால் கூடப் பார்க்கவில்லை. அதைப் பற்றிப் பேசியதும் இல்லையாம்.

ஒரு பொங்கல் முடிந்த வாரம் அவருக்கு வாதம் அடித்து வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. கால் கொஞ்சம் திரும்பி வந்தது. கை வரவில்லை. பயிற்சி சொல்லித் தருவதற்கு வீட்டுக்கு வருகிற நர்ஸம்மா ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, தினமும் பிசையச் சொன்னார். ஆறு மாதத்துக்குள் விரல்களில் எவ்வளவு திரும்புகிறதோ அவ்வளவுதான், அதற்குப் பிறகு கஷ்டம் என்று சாரிடம் தனியாகச் சொல்லிவிட்டும் போனார். ரூத்தம்மா பந்தை ஜன்னல் வழியாக வெளியே வீசினார். "நான் இன்னா நாய்க்குட்டியா, பந்து வெச்சிகினு வெளையாட?" என்றார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, அந்த மலை வீட்டுப் பியானோ இருந்தால் கை வைத்துப் பார்க்கலாம் என்று முனகினார்.

சார் மறுநாள் காலை முதல் பஸ்ஸில் மலை ஏறினார்.

பங்களா வெகு நாளாகப் பூட்டிக் கிடந்தது. இடிக்கப் போகிறார்களாம். உள்ளே பியானோ இருந்தது. அதன் மேல் காவல்காரர் வீட்டார் மரவள்ளிக் கிழங்கு காயவைத்திருந்தார்கள். எடுத்துக்கொண்டு போனால் போதும் என்று கொடுத்துவிட்டார்கள். குட்டியானை வண்டியோடு நாங்கள் நான்கு பேரும் போனோம். மூட்டை என்றால் முதுகோடு ஒட்டும். இது எதோடும் ஒட்டாது. எங்கே பிடித்தாலும் வேறெங்கோ இடிக்கும். கச்சிராயபாளையம் இறங்கும்வரை ஒவ்வொரு வளைவிலும் அது தானாகவே உறுமிக்கொண்டு வந்தது. "ஏம்பா, பொட்டிக்குள்ள யாரோ இருக்காங்க" என்றார் கோவிந்தன். அடுத்த நான்கு மாதத்துக்கு அந்தப் பியானோவில் நாங்கள் கேட்ட பாட்டு அது ஒன்றுதான்.

காரணம், பாண்டிச்சேரியிலிருந்து போனில் பேசிய சுருதிக்காரர். பெட்டி ஒரே இடத்தில் பதினைந்து நாள் அசையாமல் நிற்க வேண்டும், அதற்குப் பிறகு கூப்பிட்டால் வந்து சுருதி சேர்த்துத் தருகிறேன் என்றார். அதோடு நிறுத்தியிருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும். வெயில் படுகிற சுவர் ஆகாது, ஈரம் ஏறுகிற சுவர் ஆகாது, ஜன்னல் காற்று ஆகாது, அடுப்புச் சூடு ஆகாது, தரை மட்டமாக இருக்க வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போனார். சார் ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டார். கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டார்.

அந்த வீட்டைச் சார் தன் கண் முன்னால் கட்டியவர். கொத்தனார் ஒவ்வொரு வரிசை செங்கல்லுக்கும் அவரிடம் குமிழியைக் காட்ட வேண்டியிருந்தது. ஆனால் தரை மட்டும் கோணல். சனிக்கிழமை தவறாமல் ரூத்தம்மா வீடு கழுவுவார். ஊற்றுகிற தண்ணீர் தேங்காமல் பின்பக்க ஓட்டைக்கு ஓட வேண்டும் என்று கொத்தனாரிடம் சொல்லி, நம் பக்கத்து எல்லா வீட்டையும் போலத் தரைக்கு நல்ல வாட்டம் விட்டுப் போடச் செய்தவர் அவர்தான். "அது தண்ணிக்கு" என்று சொல்லி, சார் தன் வாழ்நாளில் மன்னித்த ஒரே கோணல் அது.

பியானோவுக்கு நான்கு சக்கரம் உண்டு என்பது யாருக்கும் தோன்றவில்லை.

முதலில் மேற்குச் சுவரில் வைத்தோம். மறுநாள் காலை அது நான்கு விரற்கடை நகர்ந்திருந்தது. அதற்கடுத்த நாள் ஒரு ஜாண். தண்ணீர் போகும் ஓட்டையைத் தேடிக்கொண்டு, கழுவிவிட்ட வாளித் தண்ணீரைப் போல அது போய்க்கொண்டிருந்தது. சக்கரத்துக்குச் செங்கல் வைத்தார். நின்றது. ஆனால் மட்டம் இல்லை. இரண்டு சக்கரத்துக்குப் பலகை கொடுத்தார். மட்டம் வந்தது. அதற்குள் சாயங்கால வெயில் வந்து பெட்டியின் மேல் படுத்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆராதனை முடிந்ததும் கோவிந்தனுக்குப் போன் வந்தது. தெற்குச் சுவருக்கு மாற்றினோம். பலகைகளை மறுபடி செதுக்கி மட்டம் வைத்தார். அந்தச் சுவருக்குப் பின்னால் குளியலறை என்பது புதன்கிழமை அவருக்கு நினைவு வந்தது. ஜன்னல் பக்கம் போனோம். காற்று. சமையல்கட்டு ஓரம் போனோம். மிளகாய் தாளித்தால் பெட்டி தும்முமா என்று கோவிந்தன் கேட்டார். சார் அதையும் எழுதிக்கொண்டார். ஒரு வாரம் கூடத்துக்கு நட்டநடுவில் நின்றது. வீட்டுக்கு வந்த போதகர் அதைச் சுற்றிக்கொண்டு போய் அதற்குப் பின்னால் நின்று ஜெபம் செய்தார். தலை மட்டும் தெரிந்தது.

எங்கள் வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை என்ற ஒன்று இல்லாமல் போனது. என் மனைவி, சார் வீட்டில் பியானோ வாசிக்கக் கற்றுக்கொள்கிறாயா என்று கேட்டாள். பதினைந்து நாள் என்பது எங்களுக்குக் கானல் நீர் மாதிரி ஆகிவிட்டது. அதிகம் போனால் பன்னிரண்டாம் நாள் போன் வந்துவிடும்.

சுருதி சேராமலாவது அம்மா தொட்டுப் பார்க்கட்டுமே என்று கோவிந்தன் ஒருநாள் சொன்னார். சாருக்கு முகம் மாறிவிட்டது. "கோணல் சத்தத்துல வெரலு பழகக் கூடாதுப்பா. பழகிட்டா அப்புறம் திருத்த முடியாது" என்றார். பியானோ மூடியைப் பூட்டிச் சாவியை ரசமட்டத்தோடு பையில் போட்டுக்கொண்டார்.

இதில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை என்பது எனக்கு அந்த உள்ளறைக் கதவு வழியாகத் தெரியும். பெட்டியைத் தூக்கும்போது என் முனை எப்போதும் அந்தப் பக்கம் வரும். கட்டிலில் ரூத்தம்மா படுத்திருப்பார். போர்வைக்கு மேல் வலது கை. சித்திரையில் பார்த்தபோது அந்த விரல்கள் ஐந்தும் லேசாக அசைந்துகொண்டிருந்தன. ஆனியில் சுண்டு விரல் உள்ளே மடங்கியிருந்தது. ஒவ்வொரு வாரமும் நான் பெட்டியைப் பார்ப்பதைவிட அந்தக் கையைத்தான் பார்த்தேன்.

ஏழாவதோ எட்டாவதோ முறை, நான் கதவோரம் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, நீங்களாவது அவருகிட்ட சொல்லுங்க. எங்கனா ஒரு எடத்துல வெச்சிட்டு வுட சொல்லுங்க. எனக்கு மட்டமும் வாணாம் ஒண்ணும் வாணாம்."

"சரிங்கம்மா" என்றேன்.

கூடத்துக்கு வந்தேன். சார் முட்டிபோட்டு, கன்னம் தரையில் படும்படி குனிந்து குமிழியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சட்டை முதுகு முழுக்க நனைந்திருந்தது. சொல்ல வேண்டியதை மனதுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். மூன்றாவது தடவை வாயைத் திறப்பதற்குள், "தூக்குங்கப்பா" என்றார் சார். தூக்கினேன். அந்த மூட்டையை நான் இன்னும் கீழே வைக்கவில்லை.

ஆடி மாதம் நர்ஸம்மா வந்து விரல்களைப் பிடித்துப் பார்த்துவிட்டு, காலண்டரையும் பார்த்தார். அதுதான் சாரைக் கலக்கிவிட்டது. அன்றைக்கே முடிவெடுத்தார். வெயில் படாத, காற்று அடிக்காத, அடுப்புப் பக்கம் இல்லாத இடம் அந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான். ரூத்தம்மாவின் அறை. கதவு நிலையை டேப் வைத்து அளந்தார். இரண்டு விரற்கடை மிச்சம் இருக்கிறது, தாராளமாகப் போகும் என்றார்.

பெட்டியை நீளவாட்டில் திருப்பி உள்ளே விட்டோம். வழவழவென்று போயிற்று. பாதி உள்ளே போனதும் கீழ்ப்படியில் ஏறி இறங்கிய சக்கரம் ஒன்று உடைந்தது. பெட்டி ஒரு பக்கமாக இறங்கி, நிலையின் இரண்டு காலுக்கும் நடுவில் ஆப்பு அடித்ததுபோல உட்கார்ந்துவிட்டது. தள்ளினோம். இழுத்தோம். கயிறு போட்டோம். நான்கு மூட்டையை ஒரே நேரத்தில் தூக்குகிற ஆட்கள் நாங்கள். அது இம்மி அசையவில்லை.

"சார், வண்டி பஞ்சருங்க" என்றார் கோவிந்தன்.

சார் டேப்பை எடுத்து மறுபடி அளந்தார். கீழே அவர் சொன்ன அளவு சரி. இடுப்பு உயரத்தில் அளந்தார். அங்கே இரண்டு விரற்கடை கம்மி. நிலையின் ஒரு கால் உள்பக்கமாகச் சாய்ந்திருந்தது. ஊரெல்லாம் மட்டம் பார்த்த மனுஷர் தன் வீட்டு நிலை நேராக நிற்கிறதா என்று நூலில் தூக்குக்குண்டு கட்டித் தொங்கவிட்டுப் பார்க்கவில்லை. படுத்திருக்கிற கோணல் எல்லாம் அவருக்குத் தெரியும். நிற்கிற கோணல் தெரியாமல் போய்விட்டது.

கடப்பாரை எடுத்துவரச் சொன்னார். நிலையை உடைத்தால் மேலே இருக்கும் சுவர் இறங்கும், கொத்தனார் வந்து சரி செய்ய மாதக்கணக்கு ஆகும், அம்மாவை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று கோவிந்தன் நியாயம் பேசினார். அப்படியானால் பெட்டியை உடை என்றார் சார். சொல்லிவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்தார். சட்டைப் பையில் கை போகவில்லை. கண்ணாடியைக் கழற்றவில்லை. எதையும் மட்டம் பார்க்காமல் அவர் அழுதது அன்றைக்குத்தான்.

எங்கள் நான்கு பேருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அப்போது யாரோ, "சார், அம்மாவ ஒரு வார்த்த கேளுங்க" என்றார்கள். யார் பேசியது என்று நானும் திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோவிந்தன் கையிலிருந்த கயிற்றைக் கீழே விட்டுவிட்டார்.

சார் எழுந்து, பெட்டிக்கு மேலாகத் தலையை நீட்டினார்.

"ரூத்து, நான் இன்னா செய்யட்டும்?"

உள்ளே கட்டில் அசைகிற சத்தம் கேட்டது. பிறகு, "சாவிய குடுங்க" என்று வந்தது.

சாவி பெட்டி மேல் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. நாங்கள் எட்டிப் பார்த்தோம். ரூத்தம்மா கட்டில் ஓரத்தில் எழுந்து உட்கார்ந்திருந்தார். பியானோவின் வலது பாதி, கட்டைகளோடு, கட்டிலை உரசினாற்போல அவர் முன்னால் நின்றது. இடது பாதி எங்களோடு கூடத்தில். இடது கையால் மூடியைத் திறந்தார். அது நிலையில் கிறீச்சென்று உரசிக்கொண்டு திறந்தது. இடது கையாலேயே வலது கையைத் தூக்கிக் கட்டை மேல் வைத்தார். ஒரு விரல் மெல்ல இறங்கியது. வந்த சத்தம் குட்டியானை வளைவில் திரும்பியபோது கேட்டதைவிட மோசம். சார் காதைப் பொத்திக்கொண்டார்.

"எனக்கு வலது கைதான பழகணும். வலது பக்கம் உள்ள வந்துட்டுது. பாதி போதும். அங்கயே இருக்கட்டும்" என்றார் ரூத்தம்மா.

"மட்டமா இல்லயே, ரூத்து."

"நான் இன்னா, அது மேல தண்ணியா ஊத்தப்போறேன்?"

அன்றிலிருந்து பியானோ அங்கேதான் இருக்கிறது. அறைக்குப் பின்பக்கமாக ஒரு கதவு உண்டு. கூடத்திலிருந்து மனைவியைப் பார்க்கப் போக வேண்டுமென்றால் சார் செருப்பைப் போட்டுக்கொண்டு, முன்வாசல் வழியாக இறங்கி, வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்வாசலில் ஏற வேண்டும். மழை என்றால் குடை. சாப்பாட்டுத் தட்டு, மாத்திரை, போன் எல்லாம் பெட்டிக்கு மேலாகப் போய்வருகின்றன. மலை இறங்கிய பிறகு முதல் முறையாகப் பெட்டி பதினைந்து நாள் அசையாமல் நின்றது. சுருதிக்காரர் பாண்டிச்சேரியிலிருந்து வந்து பார்த்துவிட்டு, யார் இடம் பார்த்தது என்று கேட்டார். எல்லாரும் சேர்ந்துதான் என்றார் கோவிந்தன். பாவம் அந்த மனிதர், பாதி சுருதியை உள்ளேயும் பாதி சுருதியை வெளியேயும் சேர்க்க, சாயங்காலம்வரை வீட்டைச் சுற்றிக்கொண்டே இருந்தார். போகும்போது, இடது பக்கக் கம்பிகள் சில இனிமேல் சுருதியில் நிற்காது, இத்தனை தடவை அலைக்கழித்திருக்கக் கூடாது என்றார்.

ரூத்தம்மாவுக்கு மூன்று விரல் திரும்பியது. சுண்டு விரலும் அதற்குப் பக்கத்து விரலும் மடங்கியது மடங்கியதுதான். இரண்டு மாதம் முன்பே ஆரம்பித்திருந்தால் ஒருவேளை அவையும் வந்திருக்கும் என்று நர்ஸம்மா சொன்னார். சார் அதைக் கேட்டார். அன்று சாப்பாட்டுத் தட்டோடு கிளம்பியவர் பின்வாசலுக்குப் போய்ச் சேரவில்லை. வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவில், சந்தில் வெகு நேரம் நின்றிருந்தார். வேறு வேலையாக வந்த கோவிந்தன்தான் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தாராம்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை போன் வருகிறது. நகர்த்த ஒன்றுமில்லை, டீ குடிக்க வரச் சொல்கிறார். போனால் கூடத்தில் இடது பாதிக்கு முன்னால் ஸ்டூல் போட்டுச் சார் உட்கார்ந்திருக்கிறார். உள்ளே ரூத்தம்மா மூன்று விரலால், மலையில் கற்ற ஒரு பாட்டை நிறுத்தி நிறுத்தி வாசிக்கிறார். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. நடுவில் சுவர். "இப்போ" என்று உள்ளிருந்து சத்தம் வந்ததும் சார் ஒரு விரலால் ஒரு கட்டையை அழுத்துகிறார். சுருதியில் நிற்காத கட்டைகளில் அதுவும் ஒன்று. "லேட்டு" என்று உள்ளிருந்து வரும். "சரி, இன்னொரு தபா" என்பார். ரசமட்டம் பெட்டி மேல் கிடக்கிறது. குமிழி ஒரு ஓரமாக ஒதுங்கியே நிற்கிறது. சார் அதைப் பார்ப்பதில்லை.

ஆனால் நாங்கள் டீ டம்ளரைத் தரையில் வைத்தால் மட்டும் அவருக்குப் பொறுக்காது. மற்ற மூவரையும் விட்டுவிட்டு என் டம்ளருக்கு மட்டும், பேசாமல் வந்து, ஒரு அட்டையை மடித்து அடியில் கொடுத்துவிட்டுப் போய் உட்காருவார். அன்றைக்கு நான் பேசிய அந்த ஒரு வார்த்தைக்கு அதுதான் அவர் பதில் என்று வைத்துக்கொள்கிறேன்.

ஊரே கிழக்கே சாய்ந்திருந்தாலும், ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது எனக்கு எந்தப் பக்கமும் இழுப்பதில்லை.